தெரிந்த பிழைகளை ஊரறியப் பட்டியலிடுவது எப்படி: மென்பொருள் உதவிப் பிரிவினருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஜனவரியில் பள்ளிகள் திறந்ததும் சிங்கப்பூரின் துணைப்பாட நிலையங்களில் கட்டணம் வசூலிக்கும் வேலை சூடுபிடிக்கும். அப்படி ஒரு திங்கட்கிழமை காலை, தேக்கா பக்கம் உள்ள ஒரு நிலையத்தின் முகப்பில் வேலை செய்யும் அம்மா ஒருவர், அந்த நிலையங்களுக்கு ரசீது மென்பொருள் செய்து தரும் எங்களைத் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, ரசீதில் பிள்ளையின் பெயர் உடைந்து வருகிறது. கோமதி என்று அடித்தால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் நிற்கிறது. பெற்றோர் எதிரே நிற்கிறார்கள். நான் என்ன சொல்வது?"

அழைப்பை எடுத்தவர் எங்கள் உதவிப் பிரிவில் சேர்ந்து மூன்று வாரமே ஆன இளைஞர். கணினியை அணைத்துத் திறக்கச் சொன்னார். அச்சுப்பொறியைச் சரிபார்க்கச் சொன்னார். எழுத்துருவை மறுபடி நிறுவச் சொன்னார். நாற்பது நிமிடம் கரைந்தது. அதே பிழையை எங்கள் நிரலாளர்கள் இருவர் டிசம்பரிலேயே கண்டுபிடித்திருந்தார்கள். ரசீதைப் பிடிஎஃப் கோப்பாகச் சேமிக்காமல் உலாவியிலிருந்து நேராக அச்சிட்டால் பெயர் சரியாக வரும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். அது அவர்கள் இருவரோடு நின்றுவிட்டது.

அந்த நாற்பது நிமிடம் எனக்கு இன்னும் உறுத்துகிறது. மென்பொருளில் பிழை இருப்பதை வாடிக்கையாளர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். நமக்கு முன்பே தெரிந்த ஒன்றுக்காக அவர்களை அலையவிட்டதைத்தான் அவர்களால் பொறுக்க முடிவதில்லை. அந்த வாரமே "தெரிந்த பிழைகள்" என்ற பொதுப் பக்கம் ஒன்றைத் தொடங்கினோம். அதை நடத்தியதில் கற்றதை இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

ஒரு சொல்லைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கணித்தமிழில் இதை 'வழு' என்பார்கள், நல்ல சொல்தான். ஆனால் இத்தனை ஆண்டுகளில் ஒரு வாடிக்கையாளர்கூட "வழு இருக்கிறது" என்று என்னை அழைத்ததில்லை. பிழை என்பார்கள், கோளாறு என்பார்கள். பக்கம் அவர்களுக்கானது என்பதால் 'பிழை' என்றே எழுதுகிறோம்.

படி 1: நிறுவனத்தில் சம்மதம் வாங்குங்கள்

எழுதத் தொடங்கும் முன் வரும் தடை இதுதான். "நம் குறையை நாமே பறைசாற்றுவதா? போட்டியாளர்கள் பார்த்தால்?" என்று கேட்பார்கள். நியாயமான அச்சம், அதைத் தட்டிக்கழிக்காமல் பதில் சொல்லுங்கள்.

1994-இல் இன்டெலின் பென்டியம் சில்லில் வகுத்தல் கணக்கு சில எண்களுக்குத் தவறாக வந்தது. நிறுவனம் பிறகு சொன்ன கணக்குப்படி, உள்ளே இருந்த அட்டவணையில் நிரப்பப்பட வேண்டிய 1066 இடங்களில் 5 விடுபட்டிருந்தன. நிறுவனம் அதை முன்பே அறிந்திருந்தும் வெளியில் சொல்லவில்லை. தாமஸ் நைஸ்லி என்ற அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் தாமாகக் கண்டுபிடித்து அந்த ஆண்டு அக்டோபர் இறுதியில் மற்றவர்களுக்கு எழுதிய பிறகுதான் உலகுக்குத் தெரிந்தது. அப்போதும், தேவை இருப்பதைக் காட்டுபவர்களுக்கு மட்டுமே சில்லை மாற்றித் தருவோம் என்றது நிறுவனம். எதிர்ப்பு வலுத்து, டிசம்பர் 20 அன்று கேட்கும் எல்லாருக்கும் மாற்றித் தர ஒப்புக்கொண்டது. அதற்காகக் கணக்கில் ஒதுக்கிய தொகை 475 மில்லியன் அமெரிக்க டாலர். பெரும்பாலானோரின் அன்றாட வேலையை அந்தப் பிழை தொட்டே இருக்காது. மறைத்ததுதான் மக்களைச் சினமூட்டியது.

மறுபக்கம், தன்னார்வலர்கள் கூடி ஒரு கணினி இயங்குதளத்தை உருவாக்கும் டெபியன் திட்டத்தைக் காட்டுங்கள். சிக்கல்களை மறைக்க மாட்டோம், பிழை அறிக்கைகளின் தரவுத்தளம் முழுவதையும் எப்போதும் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்து வைப்போம் என்று 1997-இல் அது தன் சமூக ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்தது. ஃபயர்ஃபாக்ஸ் உலாவியைத் தரும் மொசில்லாவின் பிழைப்பதிவுத் தளமான பக்சில்லா 1998 முதல் அதே வழியில் நடக்கிறது. தன்னார்வலர்களுக்கு அது சரி, வணிகத்துக்குச் சரிவருமா என்று கேட்டால், மைக்ரோசாஃப்ட் தன் விண்டோஸ் பதிப்பு ஒவ்வொன்றுக்கும் தெரிந்த சிக்கல்களை நிலையும் தேதியும் போட்டு வெளியிடுவதைத் திறந்து காட்டுங்கள்.

இவை எல்லாவற்றையும்விட எடுபடுவது உங்கள் சொந்தக் கணக்கு. கடந்த ஒரு மாதத்து டிக்கெட்டுகளை, அதாவது வாடிக்கையாளரின் ஒவ்வோர் அழைப்புக்கும் எழுதி வைக்கும் பதிவுகளை, எடுத்துக்கொள்ளுங்கள். அழைப்பு வருவதற்கு முன்பே நிறுவனத்துக்குள் யாருக்காவது தெரிந்திருந்த பிழைகள் எவை என்று ஒவ்வொன்றாகப் பிரியுங்கள். அவற்றில் செலவான நேரத்தைக் கூட்டி ஒரே தாளில் எழுதி மேசைமேல் வையுங்கள். நான் அப்படித்தான் செய்தேன். அதற்குப் பிறகு பேச்சு "வேண்டுமா" என்பதிலிருந்து "யார் எழுதுவது" என்பதற்கு நகர்ந்தது.

யார் எழுதுவது என்பதற்கும் விடை சொல்லிவிடுகிறேன்: உதவிப் பிரிவில் ஒருவர். நிரலாளர் காரணத்தைச் சொல்வார், சரிபார்ப்பார். எழுதும் கை வாடிக்கையாளரின் குரலைத் தினமும் கேட்கும் ஒருவருடையதாக இருக்கட்டும்.

படி 2: எதைப் போடுவது, எதைப் போடக்கூடாது

எங்கள் விதி எளியது. ஒரே கோளாறை இரண்டு வாடிக்கையாளர்கள் சொன்னால், அல்லது ஒருவர் சொன்னதை எங்கள் கணினியில் நாங்களே மீண்டும் வரவழைக்க முடிந்தால், அன்றே பதிவு. காரணம் தெரியும் வரை காத்திருக்க வேண்டாம். "எங்களுக்கும் வருகிறது, ஏன் என்று பார்க்கிறோம்" என்ற ஒரு வரியே முகப்பில் நிற்பவருக்குப் பாதிச் சுமையை இறக்கிவைக்கும்.

போடக்கூடாதவற்றில் முதலாவது பாதுகாப்பு ஓட்டை. பிறர் கணக்கில் நுழைய வழிவிடும் பிழையைத் திருத்தம் வருமுன் பக்கத்தில் போடுவது திருடனுக்குச் சாவியின் அச்சைக் கொடுப்பதற்குச் சமம். அதற்கு வேறு நடைமுறை இருக்கிறது. தனி மின்னஞ்சல் முகவரி வைத்து அறிக்கையை வாங்குங்கள், திருத்துங்கள், திருத்தம் போய்ச் சேர்ந்தபின் வெளியிடுங்கள். பிறர் மென்பொருளில் இத்தகைய ஓட்டைகளைத் தேடும் கூகலின் புராஜெக்ட் ஜீரோ குழு, திருத்துவதற்குப் பொதுவாக 90 நாள் கெடு தருகிறது. ஒவ்வோர் ஓட்டையையும் எல்லாரும் ஒரே எண்ணால் குறிப்பிட உதவும், 1999 முதல் இருக்கும் சிவிஇ எண்முறையில் அந்த ஓட்டைக்கு ஓர் எண் பெறலாம். சிங்கப்பூரில் இத்தகையவற்றை இணையப் பாதுகாப்பு அமைப்பின் கீழ் இயங்கும் சிங்செர்ட் என்ற அவசர உதவிக் குழுவிடமும் தெரிவிக்கலாம். திருத்தம் வந்தபிறகு இதையும் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். பின்னால்கூடச் சொல்லாமல் விட்டால் அது மறைப்புதான்.

இரண்டாவது, தனிநபர் விவரம். வாடிக்கையாளர் அனுப்பும் திரைப்பிடிப்பை அப்படியே ஒட்டாதீர்கள். பிள்ளையின் பெயர், பெற்றோரின் கைபேசி எண், சில சமயம் அடையாள அட்டை எண்கூட அதில் இருக்கும். மேலே கறுப்புப் பட்டை பூசுவதும் போதாது. சில கோப்பு வடிவங்களில் பட்டையை நீக்கினால் அடியில் உள்ளது தெரிந்துவிடும். சோதனைக் கணக்கில் ஒரு கற்பனைப் பெயரை வைத்துப் பிழையை வரவழைத்து, அதைப் படமெடுங்கள். பிழையே தகவல் கசிவாக இருந்தால் பட்டியல் அதற்கு இடமல்ல. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, அறிவிக்க வேண்டிய கசிவு என்று மதிப்பிட்டதிலிருந்து 3 நாள்களுக்குள் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். 500 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டால் அது அறிவிக்க வேண்டிய அளவு. உங்கள் வாடிக்கையாளர் வங்கியாக இருந்தால் இன்னொன்று: முக்கியக் கணினி அமைப்பு முடங்கினால், கண்டுபிடித்த 1 மணி நேரத்துக்குள் சிங்கப்பூர் நாணய ஆணையத்துக்கு வங்கி சொல்லியாக வேண்டும். அவர்கள் பக்கத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று இருந்துவிடாமல் நேராக அழையுங்கள்.

இன்னொரு சிறிய எச்சரிக்கை. 2018 பிப்ரவரியில் ஒரு தெலுங்கு எழுத்துச் சேர்க்கை திரையில் தோன்றினாலே ஐஃபோன் செயலிகள் முடங்கின. ஐஓஎஸ் 11.2.6 வந்து அதைச் சரிசெய்தது. அப்படிப்பட்ட பிழையைப் பதிவுசெய்யும்போது அந்த எழுத்தையே பக்கத்தில் தட்டச்சு செய்தால் படிக்க வருபவரின் கைபேசியும் முடங்கும். சொற்களால் விவரியுங்கள், அல்லது படமாகப் போடுங்கள்.

படி 3: பக்கத்தை எங்கே வைப்பது

விலை கொடுத்து மென்பொருள் எதுவும் வாங்க வேண்டாம். ஐம்பது பதிவுகள் வரை சாதாரண வலைப்பக்கமே போதும். இரண்டை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

நிரலாளர்களின் உள்பட்டியலை அப்படியே திறந்துவிடாதீர்கள். அதில் குறியீட்டுத் துண்டுகள், வாடிக்கையாளர் பெயர்கள், "இதை யார் இப்படி எழுதினார்கள்" என்ற புலம்பல்கள் எல்லாம் இருக்கும். வெளிப்பக்கம் தனியாக இருக்கட்டும். இரண்டையும் ஒரே எண் இணைக்கட்டும். உள்ளே 118 என்றால் வெளியேயும் 118.

அடுத்து, பக்கம் உங்கள் மென்பொருள் ஓடும் அதே சர்வரில் இருக்கக்கூடாது, கடவுச்சொல் கேட்கக்கூடாது, கைபேசியில் வாசிக்கத் தக்கதாக இருக்க வேண்டும். சர்வர் விழும் நாளில்தான் பக்கத்துக்கு ஆள் வருவார்கள். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஒரு தவறான புதுப்பிப்பால், மைக்ரோசாஃப்ட்டின் மதிப்பீட்டில், உலகெங்கும் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் நின்றன. சாங்கி விமான நிலையத்திலும் சில விமான நிறுவனங்களின் பயணப் பதிவு கையால் நடந்தது. கணினியைப் பாதுகாப்பு நிலையில் (சேஃப் மோட்) திறந்து ஒரு கோப்பை நீக்க வேண்டும் என்பது அன்றைய தீர்வு. கணினி திறக்காதவர் அதைக் கைபேசியில்தான் படித்திருக்க முடியும்.

படி 4: பதிவை எழுதுவது

இதில்தான் உங்கள் உழைப்பின் பெரும்பகுதி போக வேண்டும். ஒரு பதிவு நன்றாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்க எனக்கு ஒரே சோதனைதான். அவசரத்தில் இருக்கும் ஒருவர், எதிரே ஆள் நிற்க, ஒரு விரலால் உருட்டிப் பார்க்கும்போது "இது என் பிரச்சினைதான்" என்று பத்து விநாடியில் அடையாளம் காண வேண்டும்.

ரசீதுப் பிழைக்கு எங்கள் நிரலாளர் முதலில் கொடுத்த தலைப்பு: "பிடிஎஃப் உருவாக்கியில் எழுத்து வடிவாக்கம் இல்லை". ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஆனால் தேக்காவில் அந்த அம்மா தேடுவது இதை அல்ல. அவர் கண்டது காரணத்தை அல்ல, உடைந்த பெயரை. ஆகவே தலைப்பை அவர் கண்ணில் பட்டதிலிருந்து எழுதுங்கள். நாங்கள் கடைசியில் வெளியிட்ட பதிவு இது:

எண் 118. தமிழ்ப் பெயருள்ள ரசீதைப் பிடிஎஃப் ஆகச் சேமித்தால் எழுத்துகள் இடம் மாறித் தெரிகின்றன.

நீங்கள் காண்பது: 'கோமதி' போன்ற பெயர்களில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய்விடுகிறது. சில ரசீதுகளில் புள்ளிகளால் ஆன சிறு வட்டமும் தெரியும். திரையில் பெயர் சரியாகவே இருக்கும்.

யாருக்கு வரும்: ரசீதில் தமிழ் எழுத்தைப் பயன்படுத்தும் எல்லா நிலையங்களுக்கும். ஆங்கிலம், மலாய், சீனப் பெயர்களுக்கு வராது.

உங்கள் தகவலுக்கு ஆபத்து உண்டா: இல்லை. பெயர் சரியாகவே சேமிக்கப்பட்டிருக்கிறது. தொகையும் தேதியும் சரியானவை. கொடுத்த ரசீது செல்லும்.

இப்போதைக்குச் செய்யக்கூடியது: 'சேமி' பொத்தானை அழுத்தாமல், உலாவியின் பட்டியலில் 'அச்சிடு' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பெற்றோருக்கு மின்னஞ்சலில் அனுப்ப வேண்டுமானால் அதே இடத்தில் அச்சுப்பொறிக்குப் பதிலாகப் பிடிஎஃப் என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

நிலை: காரணம் தெரியும், திருத்தி வருகிறோம். கடைசியாகப் பார்த்தது: வியாழக்கிழமை, காலை 9 மணி.

இதில் நான் மிகவும் வற்புறுத்துவது மூன்றாவது பத்தியை. "உங்கள் தகவலுக்கு ஆபத்து உண்டா" என்ற கேள்வியைப் பெரும்பாலான பிழைப்பட்டியல்கள் கேட்பதே இல்லை. அழைப்பவர் வாய்விட்டுக் கேட்காவிட்டாலும் அவர் மனத்தில் அதுதான் ஓடும். பெயரே உடைந்துவிட்டதே, கட்டணக் கணக்கும் உடைந்திருக்குமோ என்ற பயம். அதற்கு நேரான பதில் இல்லாத பதிவு அரைகுறைப் பதிவு. ஆபத்து உண்டு என்றால் அதையே முதல் வரியாக்குங்கள், தலைப்புக்கும் முன்னால்.

யாருக்கு வராது என்பதும் அதே அளவு முக்கியம். அது இல்லாவிட்டால் சம்பந்தமில்லாத இருபது பேர் தங்களுக்கும் இதுதான் என்று நினைத்து மாற்று வழியில் மல்லுக்கட்டுவார்கள்.

மாற்று வழியை எழுதியதும் நீங்களே ஒருமுறை செய்து பாருங்கள். பிறகு அந்தப் பிழையைப் பற்றி எதுவும் தெரியாத சக ஊழியர் ஒருவரிடம் பதிவை மட்டும் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். அவர் தயங்கும் இடத்தில் சொல் குறைகிறது என்று பொருள்.

காரணத்தை எழுதலாமா? எழுதலாம், பதிவின் கடைசியில், வேண்டியவர் படிக்கும்படி. 'கோ' என்று நாம் எழுதும்போது இரட்டைக்கொம்பு, க, துணைக்கால் என்ற வரிசையில் கண்ணுக்குத் தெரிகிறது. எல்லா மொழி எழுத்துகளையும் கணினியில் சேமிப்பதற்கான பொதுத் தரமான யூனிகோடில் க முதலிலும் ஓகாரக் குறி பின்னாலும் சேமிக்கப்படுகின்றன. கொம்பை முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது எழுத்தை வரையும் நிரலின் வேலை. குரோம், ஃபயர்ஃபாக்ஸ் உலாவிகளில் ஹார்ஃப்பஸ் என்ற நிரல் அதைச் செய்கிறது. எங்கள் பிடிஎஃப் உருவாக்கியில் அப்படி எதுவும் இல்லை. அதனால்தான் உலாவியிலிருந்து அச்சிட்டால் பெயர் ஒழுங்காக வந்தது. இந்த விளக்கத்தைப் படித்த வேறொரு நிலையத்துக்காரர், சான்றிதழ் அச்சிடும் பகுதியிலும் இதே கோளாறு இருக்குமே என்று எழுதினார். இருந்தது. எங்களுக்கு அதுவரை தெரியாது.

படி 5: ஒரே தோற்றம், வேறு வேறு பிழை

பிறகு ஒரு மார்ச்சில் "பெயரைத் தேடினால் கிடைக்கவில்லை" என்று இரண்டு அழைப்புகள் வந்தன. ஒன்றாகவே பதிவு செய்துவிட்டோம். அது தவறு.

முதல் நிலையத்தில் 'கோமதி' கிடைக்கவில்லை. அவர்கள் பழைய எழுத்துருக் கோப்பிலிருந்து பெயர்களை மாற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். அதில் ஓகாரக் குறி ஒரே குறியாக இல்லாமல், கொம்பு தனியாகவும் துணைக்கால் தனியாகவும் கிடந்தது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு இரண்டும் வேறு. யூனிகோடு தரமே இவற்றைச் சமமானவை என்று வகுத்திருக்கிறது. தேடுமுன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்தால் தீர்ந்தது.

இரண்டாவது நிலையத்தில் கிடைக்காத பெயர் 'கௌரி'. பதிவுசெய்தவர் ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக்கொம்பும் ளகரமும் போட்டு 'கெளரி' என்று அடித்திருந்தார். கொம்புக்காலும் ளகரமும் ஒரே தோற்றம் கொண்டவை என்பதால் தமிழில் இது மிகப் பரவலாக நேர்வது. யூனிகோடு இதைச் சமம் என்று சொல்லாது, சொல்லவும் முடியாது, ஏனென்றால் 'கெளிறு' என்று ஒரு மீனே இருக்கிறது. இங்கே தானாகத் திருத்தப் போனால் சரியான சொற்கள் கெட்டுவிடும்.

ஆகவே பதிவு இரண்டானது. முதலாவது திருத்தப்பட்டது. இரண்டாவதற்கு "கைபேசி எண்ணால் தேடுங்கள், பெயரைத் திறந்து மறுபடி அடித்துச் சேமியுங்கள்" என்ற மாற்று வழி. தோற்றம் ஒன்றாக இருந்தால் இரண்டு பதிவுகளின் தலைப்பிலும் வேறுபடுத்தும் அடையாளத்தைப் போடுங்கள், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு இணைப்புக் கொடுங்கள். மாறாக, இரண்டு பதிவுகள் ஒரே பிழை என்று பிறகு தெரிந்தால் ஒன்றை மூடி மற்றதற்கு வழிகாட்டுங்கள். அழித்துவிடாதீர்கள். அந்த எண்ணை யாராவது தாளில் குறித்து வைத்திருப்பார்கள்.

படி 6: நிலையைச் சொல்லும் சொற்கள்

உள்ளே பத்து நிலைகள் இருக்கட்டும். வெளியே நான்கு போதும்: பார்க்கிறோம், காரணம் தெரியும், சரியாகிவிட்டது, மாற்றப்போவதில்லை.

நான்காவதைப் போட எல்லாரும் அஞ்சுகிறார்கள். நான் அதைத் தயங்காமல் பயன்படுத்தச் சொல்வேன். மூன்று ஆண்டு "பார்க்கிறோம்" என்று கிடக்கும் பதிவு வாடிக்கையாளரை ஏமாற்றுகிறது. 'கெளரி' பதிவில் மாற்றப்போவதில்லை என்று எழுதி, ஏன் என்பதையும் நான்கு வரியில் எழுதினோம். கோபமாக ஒரு கடிதமும் வரவில்லை. ஒரு தமிழாசிரியர் தம் நிலையத்தில் எல்லாப் பெயர்களையும் உட்கார்ந்து திருத்திவிட்டதாக எழுதினார்.

பக்சில்லாவில் "எனக்கு வேலை செய்கிறது" என்று ஒரு முடிவு உண்டு. நிரலாளர்களுக்குள் அது பயன்படும். வாடிக்கையாளருக்குக் காட்டாதீர்கள். "உன் கண்ணில்தான் கோளாறு" என்பதுபோல அது ஒலிக்கும். "எங்களால் இதை வரவழைக்க முடியவில்லை, உங்களுக்கு வந்தால் இந்த மூன்று விவரங்களை அனுப்புங்கள்" என்று எழுதுங்கள்.

திருத்தம் வரும் தேதியை வாக்குறுதியாகக் கொடுக்க வேண்டாம். அடுத்து எப்போது பக்கத்தைப் பார்த்து எழுதுவீர்கள் என்ற தேதியைக் கொடுங்கள், அதை உயிரைக் கொடுத்தாவது காப்பாற்றுங்கள். செய்தி எதுவும் இல்லாவிட்டாலும் "இன்னும் முடியவில்லை" என்று அந்த நாளில் எழுதுங்கள். தேதி பழையதாகிப்போன பட்டியலை யாரும் நம்புவதில்லை, அதைவிடப் பட்டியல் இல்லாமலே இருக்கலாம்.

படி 7: உதவிப் பிரிவின் அன்றாடத்தில் கலப்பது

பக்கம் இருந்தும் யாரும் பார்க்காமல் போனால் பயனில்லை. காலையில் வேலை தொடங்கும்போது உதவிப் பிரிவினர் அனைவரும் முதல் ஐந்து நிமிடம் பக்கத்தைத் திறந்து, முந்தின நாள் மாறியதை மட்டும் படிக்க வேண்டும். காக்கி புக்கிட்டில் உள்ள எங்கள் அலுவலகத்தில் தேநீர்க் கோப்பையோடு நின்றபடியே இது நடக்கிறது.

அழைப்பு வந்தால் கேள்விகளை அடுக்குமுன் தேடுங்கள். பதிவு கிடைத்தால் நேரே சொல்லுங்கள்: "அக்கா, இது எங்களுக்குத் தெரிந்த கோளாறு, 118 என்று எண். உங்கள் கணக்கு பாதுகாப்பாக இருக்கிறது. இப்போதைக்கு இப்படிச் செய்யலாம், நான் கூடவே இருக்கிறேன்." இணைப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுத் தொலைபேசியை வைத்துவிடாதீர்கள். முதல் தடவை கூடவே இருந்து செய்து முடியுங்கள். அடுத்த தடவை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

ஒவ்வொரு டிக்கெட்டிலும் பதிவு எண்ணைக் குறியுங்கள். எத்தனை பேர் பாதிக்கப்பட்டார்கள் என்ற எண்ணிக்கை அதிலிருந்துதான் வரும். எதை முதலில் திருத்துவது என்று நிரலாளர்களோடு பேசும்போது கையில் இருக்கும் ஒரே வலுவான பொருள் அது. திருத்தம் வந்த அன்று அதே எண்ணைத் தேடி, சொன்னவர்கள் எல்லாருக்கும் திரும்பச் சொல்லுங்கள். எங்கள் வேலையிலேயே எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான். "அன்று சொன்னீர்களே, சரியாகிவிட்டது" என்று அழைத்தால் எதிர்முனையில் ஒரு கணம் மௌனம் வரும். திரும்ப அழைப்பார்கள் என்று அவர்கள் எதிர்பார்த்திருக்கவே மாட்டார்கள்.

படி 8: மொழி

நான்கு அதிகாரத்துவ மொழிகள் உள்ள ஊரில் ஆங்கிலத்தில் மட்டும் எழுதிவிட்டு எல்லாருக்கும் சொல்லிவிட்டோம் என்று இருக்க முடியாது. எல்லாப் பதிவையும் நான்கு மொழியில் எழுதச் சிறு நிறுவனத்தால் இயலாது என்பதும் உண்மை. நாங்கள் வகுத்த வழி: பிழை எந்த மொழி பயன்படுத்துபவர்களைத் தொடுகிறதோ அந்த மொழியில் கட்டாயம், மற்றவை ஆங்கிலத்தில். தமிழ் எழுத்து உடைவதைப் பற்றித் தமிழில் எழுதாமல் வேறு எதை எழுதுவது?

பொத்தான்களின் பெயரை மட்டும் மொழிபெயர்க்காதீர்கள். திரையில் எப்படி இருக்கிறதோ அப்படியே, அதே எழுத்தில் எழுதுங்கள். திரையில் ஆங்கிலத்தில் உள்ள பொத்தானை நீங்கள் அழகான தமிழில் எழுதினால் வாசிப்பவர் திரை முழுக்கத் தேடிக்கொண்டிருப்பார்.

படி 9: மூடுவது

சரியான பதிவை நீக்காமல் 'சரியாகிவிட்டது' என்ற பகுதிக்கு மாற்றுங்கள். எந்தப் பதிப்பில் சரியானது, அந்தப் பதிப்பு தம்மிடம் இருக்கிறதா என்று எங்கே பார்ப்பது, மாற்று வழியை இனி நிறுத்தலாமா என்பதெல்லாம் அதில் வர வேண்டும். மாற்று வழி பழகிப்போனவர்கள் ஆண்டுக்கணக்கில் அதையே செய்துகொண்டிருப்பார்கள். பிழை திரும்பி வந்தால் அதே எண்ணை மீண்டும் திறந்து, திரும்பி வந்துவிட்டது என்று வெளிப்படையாக எழுதுங்கள்.

இன்று தொடங்குகிறவர்கள் பழைய பிழைகள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எழுத முயலாதீர்கள். கடந்த வாரம் அதிகம் அழைப்பு வந்த ஐந்தை மட்டும் எழுதி, வெளியிட்டு, மாதம் முடிந்ததும் அடுத்த ஐந்தைச் சேருங்கள்.

118-ஐ ஏப்ரலில் மூடினோம். கடைசியில் சேர்த்த குறிப்பு: "புதிய பதிப்பில் சேமிக்கும் ரசீதுகளில் தமிழ்ப் பெயர் சரியாக வரும். முன்பு சேமித்த கோப்புகள் தாமாக மாறா. வேண்டியவர்கள் ரசீதுப் பட்டியலில் அந்த மாதத்தைத் தேர்ந்தெடுத்து மறுபடி சேமிக்கலாம், ரசீது எண் மாறாது." தேக்கா அம்மாவை அழைத்து அதைச் சொன்னது, ஜனவரியில் அவருடைய அழைப்பை எடுத்த அதே இளைஞர்.